ஒரே திகதியில் பிறந்த இருவருக்கு: பிறந்தநாளை அந்நாளின் வரலாற்றோடு கொண்டாடும் முறை

எங்கள் அம்மாவும் என் மகளும் ஒக்டோபர் 30 ஆம் திகதி பிறந்தவர்கள். அம்மா 1950 இல் இலங்கை மலையகத்தின் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) பிறந்தார்; மகள் 2014 இல் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். மகளுக்கு நான்கு வயதாகும் வரை இருவருக்கும் சேர்த்து ஒரே கேக்கை வெட்டி வந்தோம். அம்மா பேத்தியின் கையைப் பிடித்துக் கத்தியை அழுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அதன் பிறகு அந்த நாள் முழுவதும் குழந்தையின் நாளாகவே கழியும். அதை இருவருடைய நாளாகவும் ஆக்க விரும்பித்தான், அதே திகதியில் மலையகத்திலும் வெளியுலகிலும் நடந்தவற்றைத் தேடியெடுத்து, இருவருடைய வயதோடும் பொருத்திச் சொல்லும் வழக்கத்தை 2019 இல் தொடங்கினோம். முதன்முறையாக இப்படிச் செய்ய நினைப்பவர்களுக்காக, நாங்கள் கைக்கொள்ளும் முறையை இங்கே எழுதுகிறேன்.

இப்படி ஒரே நாளைப் பகிர்ந்துகொள்பவர்கள் அரிதானவர்கள் அல்லர். 23 பேர் கூடியிருக்கும் இடத்தில் எவரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல் என்பது கணக்கு. 70 பேர் இருந்தால் அது ஏறக்குறைய உறுதி. ஆகவே வீட்டுக்குள் எவரும் இல்லாவிட்டாலும், உங்கள் லயத்திலோ, வகுப்பறையிலோ, வேலைத்தளத்திலோ அப்படியொரு சோடியை நீங்கள் கண்டுபிடிக்கக்கூடும்.

முதலில் திகதியை உறுதி செய்துகொள்ளுங்கள்

இதை எளிய வேலை என்று எண்ணித் தாண்டிப் போய்விட வேண்டாம். தோட்டங்களில் பிறந்த மூத்தவர்கள் பலருக்கு, வீட்டில் சொல்லப்படும் பிறந்தநாளும் அத்தாட்சிப்பத்திரத்தில் உள்ள நாளும் ஒன்றாக இருப்பதில்லை. பிள்ளை பிறந்து சில நாட்களோ வாரங்களோ கழித்துப் பதிந்தபோது திகதி மாறியிருக்கலாம். பதிவே இல்லாமல் பின்னாளில் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். அத்தகைய மூத்தவரிடம் எந்தத் திகதி சரியானது என்று வாதாடாமல், எந்த நாளைத் தமது நாளாக அவர் நினைக்கிறார் என்று கேட்டு, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மற்றத் திகதியையும் தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள், ஏனெனில் அந்த வேறுபாட்டுக்குப் பின்னாலும் பெரும்பாலும் சொல்லத்தக்க கதையொன்று இருக்கும்.

நட்சத்திரத்தைக் கொண்டு பிறந்தநாள் பார்க்கும் குடும்பங்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. பிறந்த நட்சத்திரம் வரும் நாளில் கோயிலில் அர்ச்சனை செய்யுங்கள். வரலாற்றைச் சொல்லும் நிகழ்வை ஆங்கிலத் திகதியில் வையுங்கள். ஒரே திகதியில் பிறந்த இருவருக்கு நட்சத்திரம் பெரும்பாலும் வேறாகவே இருக்கும் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் செய்ய முற்பட்டால் யாராவது ஒருவருக்குக் குறை தோன்றும். பெப்ரவரி 29 இல் பிறந்தவர்கள் மற்ற ஆண்டுகளில் 28 ஆம் திகதியிலோ மார்ச் 1 ஆம் திகதியிலோ கொண்டாடலாம், ஆனால் நிகழ்வுகளை 29 ஆம் திகதிக்கே தேடுங்கள்.

வயதுக் கோடு ஒன்றை வரையுங்கள்

நிகழ்வுகளைத் தேடப் போவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது. இரண்டு சென்றிமீற்றருக்கு ஓர் ஆண்டு என்று கணக்கிட்டு, நீளமான நாடாவிலோ ஒட்டிச் சேர்த்த தாளிலோ ஆண்டுகளைக் குறியுங்கள். எங்கள் நாடாவில் அம்மா பிறந்த 1950 இலிருந்து மகள் பிறந்த 2014 வரை 128 சென்றிமீற்றர் வந்தது. மகளின் பத்து வயது வெறும் 20 சென்றிமீற்றரில் அடங்கிவிட்டது. தன்னுடைய சிறிய துண்டையும் அம்மாயியின் (என் அம்மாவின்) நீண்ட துண்டையும் கையால் அளந்து பார்த்த பிறகுதான், அம்மாயியும் முன்பு சிறுபிள்ளையாக இருந்தவர் என்பது அவளுக்கு உறைத்தது. அவ்வாறு அளந்துகொள்ளாமல் நிகழ்வுகளை மட்டும் வரிசையாகச் சொன்னால், குழந்தைகளுக்கு அது பாடசாலைப் பாடம் போலத் தோன்றிவிடும்.

கோடு வரைந்ததும் அது இயல்பாக மூன்று பகுதிகளாகப் பிரியும்: இருவரும் பிறப்பதற்கு முந்திய காலம், மூத்தவர் மட்டும் வாழ்ந்த காலம், இருவரும் சேர்ந்து வாழும் காலம். இவற்றில் நடுப் பகுதிக்கே கூடுதலான உழைப்பைக் கொடுங்கள், ஏனெனில் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். இரட்டையர்களுக்கும் ஒரே வயது நண்பர்களுக்கும் நடுப் பகுதி இராது. அவர்கள் முதற் பகுதியையும் மூன்றாம் பகுதியையும் மட்டும் நிரப்பினால் போதும்.

எங்கே தேடுவது

இணையத்தில் "இன்று" என்ற தலைப்பில் கிடைக்கும் பட்டியல்களிலிருந்து தொடங்குவது தவறில்லை. ஆனால் அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படுவதால் ஒரே பிழை பத்து இடங்களில் இருக்கும். அதைவிட முக்கியமாக, மலையகத்தின் நாட்கள் அவற்றில் அநேகமாக இடம்பெறுவதில்லை. ஆகையால் நம்முடைய நாட்களை நாமே சேர்க்க வேண்டியிருக்கிறது. ஜனவரி 10 இல் பிறந்தவர்களுக்கு, 1940 இல் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தின்போது முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது அந்த நாளில்தான் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஜனவரி 17 இல் பிறந்த பிள்ளையிடம், 1917 இல் அதே நாளில் நாவலப்பிட்டியில் பிறந்த குழந்தைதான் பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சரான எம்.ஜி.ஆர். என்று சொல்லலாம். ஏப்ரல் 17 கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனின் நாள், ஆண்டு 1972. மே 11, 1977 இல் தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுடப்பட்ட நாள். செப்டெம்பர் 14, 1914 இல் மடக்கும்புர தோட்டத்தில் மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை பிறந்த நாள். மே 21 ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச தேயிலை நாளாக அறிவித்திருக்கிறது. அதற்கு முன்பிருந்தே டிசம்பர் 15 ஐத் தேயிலை விளையும் நாடுகளில் அப்படிக் கொண்டாடி வந்தார்கள்.

பழைய பத்திரிகைகளைப் பார்ப்பதற்கு, கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போக முடிந்தவர்கள் போகலாம். வீட்டிலிருந்தே தேடுவதற்கு நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் நிறையக் கிடைக்கின்றன. கைத்தொலைபேசியிலேயே திறந்து படிக்கலாம். வீரகேசரி 1930 ஆகஸ்ட் 6 இலிருந்தும் தினகரன் 1932 மார்ச் 15 இலிருந்தும் வெளிவருவதால், இன்று நம்மோடு இருக்கும் மூத்தவர்களின் பிறந்தநாள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பத்திரிகை இருந்திருக்கிறது. தோட்ட வாழ்க்கையின் பொருட்களைக் குழந்தைகளுக்கு நேரில் காட்ட விரும்பினால், கம்பளைக்கு அருகே பாரதெக்கவில் பழைய லய அறைகளில் அமைந்திருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் பிறந்தநாளுக்கு முந்திய விடுமுறை நாளொன்றில் அழைத்துச் செல்லுங்கள்.

திகதி வழுக்கும் இடங்கள்

முதல் ஆண்டில் நானும் இரண்டு திகதிகளைப் பிழையாக எழுதிவிட்டு, அட்டைகளைக் கிழித்து மீண்டும் எழுதினேன். புதிதாகத் தொடங்குபவர்கள் பின்வருவனவற்றை முன்கூட்டியே அறிந்திருந்தால் அந்த வேலை மிச்சமாகும்.

பத்திரிகையில் உள்ள திகதி, செய்தி நடந்த திகதி அல்ல. 30 ஆம் திகதி நடந்ததை 31 ஆம் திகதிப் பத்திரிகையிலோ அதற்குப் பிந்தியதிலோ தேட வேண்டும். பிறந்த நாளன்று வெளியான பத்திரிகையில் அதற்கு முந்திய நாளின் செய்திகளே இருக்கும். அதையும் படி எடுத்து வைப்பது அழகானதுதான், ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நேர வேறுபாடு அடுத்தது. 1974 இல் கின்ஷாசாவில் முகம்மது அலி ஜோர்ஜ் ஃபோர்மனை வீழ்த்திய குத்துச்சண்டை, அங்கே ஒக்டோபர் 30 அதிகாலை நான்கு மணியளவில் தொடங்கியது. அப்போது நியூயோர்க்கில் 29 ஆம் திகதி இரவு, நம் நாட்டில் 30 ஆம் திகதி காலை எட்டரை மணி. மனிதன் சந்திரனில் இறங்கிய நாளை உலகம் 1969 ஜூலை 20 என்று எழுதுகிறது, ஆனால் இங்கே கடிகாரம் அப்போது 21 ஆம் திகதி அதிகாலை இரண்டு மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் நிகழ்வு நடந்த இடத்துத் திகதியையே எடுத்துக்கொள்கிறோம்; நம் கடிகாரப்படி நாள் மாறினால் அதை அட்டையின் பின்புறத்தில் எழுதுகிறோம்.

சட்டங்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட திகதிகள் உண்டு. மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்ட நாட்கள் வேறு, அது அமுலுக்கு வந்த நவம்பர் 15 வேறு. எந்தத் திகதியைச் சொல்கிறோமோ, அன்று நடந்தது விவாதமா, கையெழுத்தா, அமுலாக்கமா என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அது சரியான செய்தியாகும். பழைய ஐரோப்பிய நிகழ்வுகளில் நாட்காட்டியே மாறியிருக்கும்: ரஷ்யாவின் ஒக்டோபர் புரட்சி இன்றைய கணக்கில் 1917 நவம்பர் 7 ஆம் திகதி நடந்தது.

எதையும் அட்டையில் எழுதுவதற்கு முன், ஒன்றையொன்று பார்த்து எழுதப்படாத இரண்டு இடங்களில் திகதி ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒத்திராவிட்டால் அந்த நிகழ்வை விட்டுவிடுங்கள். குழந்தைகள் பிறந்தநாளில் கேட்டதை நெடுங்காலம் மறப்பதில்லை, ஆகையால் பிழையானதைக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

தெரிவு செய்தல்

ஐந்து முதல் ஏழு நிகழ்வுகள் போதுமானவை. நாங்கள் ஒக்டோபர் 30 க்கு எடுத்தவை ஆறு. 1909 இல் இந்திய அணு விஞ்ஞானி ஹோமி பாபா பிறந்தது முதற் பகுதிக்கு. 1960 இல் ஆர்ஜென்டீனாவின் மரடோனா பிறந்தபோது அம்மாவுக்குப் பத்து வயது நிறைந்தது. காற்பந்து விளையாடும் என் அண்ணன் மகன் இந்த அட்டையைத் தானே எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தான். 1974 இன் குத்துச்சண்டையன்று அம்மாவுக்கு 24 வயது. 1999 இல், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் நீண்டகாலத் தலைவராகவும் 1978 முதல் அமைச்சராகவும் இருந்த சௌமியமூர்த்தி தொண்டமான் காலமானதும் இதே நாளில்தான்; அன்று அம்மாவுக்கு 49 வயது நிறைந்தது, அந்த ஆண்டு எங்கள் வீட்டில் எவருமே பிறந்தநாளை நினைக்கவில்லை.

1964 ஒக்டோபர் 30, வெள்ளிக்கிழமை, எங்கள் கோட்டின் நடுவில் இருக்கிறது. அன்று புதுடில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 975,000 பேரின் எதிர்காலம் அதில் எண்களாகப் பிரிக்கப்பட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவெடுப்பது என்று. அந்த எஞ்சியவர்களை இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள 1974 இல் உடன்பட்டன. கையெழுத்தான அன்று அம்மாவுக்குச் சரியாகப் பதினான்கு வயது. அப்போது அவர் கொழுந்துக் கூடையைத் தூக்கத் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது.

இந்த அட்டைக்காக அம்மாவிடம் கேட்டபோதுதான் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். "அன்றைக்கு என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டேன், அவருக்கு அந்த நாளே நினைவில் இல்லை. கையெழுத்தானது தோட்டத்தில் எவருக்கும் அன்று தெரியாது, சில நாட்கள் கழித்துப் பெரிய கணக்கப்பிள்ளை பத்திரிகையை வாசித்துச் சொன்னார் என்று மட்டும் சொன்னார். ஆனால் குடியுரிமை விண்ணப்பப் படிவம் நிரப்ப அக்காவுடன் நடந்து போன வழியும், 1973 இல் அக்காவின் குடும்பம் இந்தியாவுக்குப் போவதற்காகத் தலைமன்னார்க் கோச்சியில் (ரயிலில்) ஏறிய இரவில் யார் யார் எந்தப் பெட்டியைத் தூக்கினார்கள் என்பதும் அவருக்கு இன்றும் நினைவிருக்கின்றன. ஆகையால் மூத்தவரிடம் திகதியைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்த நிகழ்வால் வீட்டுக்குள் என்ன மாறியது, யார் போனார்கள், யார் வந்தார்கள், என்ன சமைத்தீர்கள், அப்போது எந்த மலையில் வேலை என்று கேளுங்கள். ஒரு வாரத்துக்கு முன்பே கேட்டுவிட்டு, பதிலுக்காக அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். அடுப்படியில் நிற்கும்போது தாமாகவே சொல்லத் தொடங்குவார்கள். வரலாற்றுத் திகதியை அட்டையின் மேற்பாதியிலும் அவருடைய நினைவைக் கீழ்ப்பாதியிலும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எதையும் திருத்தக் கூடாது.

துயரமான நாட்கள்

நம்முடைய திகதிகளில் துயரம் இல்லாதவை குறைவு. சிலர் அவற்றைப் பிறந்தநாளில் பேசக் கூடாது என்று சொல்வார்கள், அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் மறைத்து வைப்பதைவிட உரிய இடத்தில் வைப்பதே பிள்ளைக்கு நல்லது என்று கருதுகிறேன். என் மகள் பிறப்பதற்கு முந்திய நாள் காலையில், 2014 ஒக்டோபர் 29 அன்று, கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் வாட்டில் படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் ரேடியோவில் அந்தச் செய்தியே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. பிள்ளையைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் முதலில் அதைப் பற்றித்தான் பேசினார்கள். எங்கள் ஆறாவது அட்டை அது. திகதி ஒரு நாள் முந்தியது என்பதை அதிலேயே எழுதியிருக்கிறோம்.

நாங்கள் செய்வது இவ்வளவுதான்: கேக்குக்கும் பாட்டுக்கும் முன்னர், எல்லோரும் வந்து அமர்ந்ததும், ஒரு விளக்கை ஏற்றி, துயர நிகழ்வுகளின் அட்டைகளை வாசித்து, சிறிது நேரம் அமைதியாக இருக்கிறோம். பிறகு அந்த அட்டைகளை விளக்கருகே வைத்துவிட்டு மற்றவற்றுக்குப் போகிறோம். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு விவரம் எதுவும் சொல்வதில்லை. மழையில் மலை சரிந்து சிலர் இறந்துபோனார்கள், அவர்களை நினைத்துக்கொள்வோம் என்று சொன்னால் அவர்களுக்குப் போதும். 1974 டிசம்பர் 4 இல் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துச் சப்தகன்னி மலையில் விமானம் மோதி 191 பேர் இறந்தது போன்ற நாளில் பிறந்தவர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

நாளன்று

பிரிஸ்டல் போட்டைப் பாடப்புத்தக அளவில் வெட்டி, பெரிய எழுத்தில் எழுதிய அட்டைகளை நாடாவின் மீது அந்தந்த ஆண்டுக்கு நேரே கிளிப்பினால் மாட்டுங்கள். லயத்து இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) கட்டுவதாக இருந்தால் சுவரோரமாகக் கட்டுங்கள், சாரல் அடித்தால் மை கரைந்துவிடும். ஒக்டோபரிலும் நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னலுடன் மழை வருவதும் மின்சாரம் தடைப்படுவதும் வழக்கமாதலால், அந்த மாதங்களில் பிறந்தவர்கள் திரையையோ காணொளியையோ நம்பியிருக்க வேண்டாம். வேலை நாளானால் மாலை ஆறு மணிக்குப் பிறகும், ஞாயிறானால் காலை பத்து மணியளவிலும் தொடங்குவது வசதி.

வாசிக்கும் முறையில் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். மூத்தவர் வாழ்ந்த காலத்து அட்டைகளை இளையவர் வாசிக்க, மூத்தவர் தமது நினைவைச் சொல்வார். இளையவர் பிறந்த பிறகு நடந்தவற்றை மூத்தவர் வாசிக்க, இளையவர் சொல்வார். மூத்தவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் அதை முன்பே அறிந்து, அட்டையில் படம் ஒட்டி, அவர் படத்தைப் பார்த்துச் சொல்லும்படி அமைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் அவர் கையில் எழுத்தைக் கொடுத்துவிடக் கூடாது. ஓர் அட்டைக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் அரை மணி நேரத்தில் முடியும், ஆனால் பேச்சு நீண்டால் நீளட்டும், மற்ற அட்டைகளை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் நாங்கள் கேக்கை விடவில்லை, மகள் விடவும் மாட்டாள். அதனுடன் அம்மாவின் பதினான்கு வயதுக் காலத்துச் சாப்பாடான தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் பிளேன்டீயும் வைக்கிறோம். கேக்கை அம்மாவும் ரொட்டியை மகளும் முதலில் பிய்த்துக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. 1964 ஆம் ஆண்டு அட்டை வாசிக்கப்படும்போது நீலகிரியின் கூடலூரில் இருக்கும் பெரியம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுக்கிறோம். அவரும் அங்கே தேயிலைத் தோட்டத்திலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவர். உங்கள் குடும்பத்திலும் அப்படிப் பிரிந்துபோனவர்கள் இருந்தால், நேரத்தை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

முடிந்ததும் அட்டைகளை எறிந்துவிடாதீர்கள். ஆண்டு வரிசைப்படி அடுக்கி, ஈரம் ஏறாதபடி பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, மேலே இருவருடைய பெயரையும் எழுதுங்கள். மலைநாட்டு ஈரத்தில் ஒரு மழைக்காலத்திலேயே தாளில் பூஞ்சணம் பூத்துவிடும் என்பதால் அடுப்படிக்கு அருகிலுள்ள அலுமாரியே நல்ல இடம். ஒவ்வோர் ஆண்டும் வெற்று அட்டை ஒன்றைச் சேர்த்து, அந்த ஆண்டின் பிறந்தநாளன்று வீட்டில் நடந்ததை இருவரும் ஒவ்வொரு வரி எழுத இடம் விடுங்கள். எங்கள் கோப்பில் அம்மாவின் வரிகளை அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள், கடைசியில் அம்மா தம் பெயரை மட்டும் தாமே எழுதிக் கொடுக்கிறார்.